இருபத்திரண்டு கால்கள்

தோன் பெலிசியானோவுக்குப் படங்களைப் பார்க்கும் பழக்கம் கிடையாது. எண்ணும் பழக்கம்தான் உண்டு. செவில் நகரத்தில் எந்தக் கோயிலுக்குப் புதுப் படம் போவதென்றாலும், அதற்குள் வேதத்துக்கு விரோதமாக ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவருடைய உத்தியோகம். மாதாவின் தலையைச் சுற்றி நட்சத்திரம் பன்னிரண்டா, பதினொன்றா? சிலுவையில் ஆணி மூன்றா, நான்கா? பதினேழு வருடமாக எண்ணி எண்ணி, வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டில் ஒலிவக் காய் எத்தனை என்று முதலில் எண்ணிவிட்டுத்தான் வாயில் போடுவார் என்று ஊரில் சொன்னார்கள்.

அந்த மே மாதக் காலையில், ஆற்றுக்கு அக்கரையில் திரியானாவில் இருந்த தொமாசாவின் பட்டறைக்கு வந்தவர், கைத்தடியை நீட்டிக் கால்களை எண்ணினார்.

படம் ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கீழே தன் அறையில் மண்டியிட்டு, கைகளை விரித்து, அண்ணாந்து பார்க்கிறார் அந்தோணியார். மேசையில் ஒரு மண்சாடி, அதில் லில்லிப் பூ. கூரை இருக்க வேண்டிய இடத்தில் கூரை இல்லை. பொன்னிற வெளிச்சம் கொட்டுகிறது. அந்த வெளிச்சத்தின் வழியாக மாதா குழந்தையைக் கையில் ஏந்தி இறங்கி வருகிறாள். அந்தோணியாருக்குக் கிடைத்த காட்சி. சுற்றிலும் சிறகு முளைத்த எட்டுச் சம்மனசுகள், ஆளுக்கொரு பக்கம் தலைகீழாகவும் குறுக்காகவும்.

“சம்மனசுக்குப் பதினாறு, குழந்தைக்கு ரெண்டு, அந்தோணியாருக்கு ரெண்டு. இருபது. இதுல ஆட்சேபணை இல்ல,” என்றார் தோன் பெலிசியானோ. தடி மேலே போய் நின்றது. “மாதாவுக்குக் கால் தெரியுது.”

“ஆமாங்கய்யா,” என்றாள் தொமாசா. “ரெண்டு.”

“தெரியக் கூடாது. மாதா பாதத்த அங்கியில மறைக்கணும்னு விதி.”

“மாதா எகிப்துக்குப் போனாங்களே, எப்படிங்கய்யா போனாங்க?”

“கழுதை மேல.”

“கழுதை நின்ன எடம் வரைக்கும்?”

தோன் பெலிசியானோ யோசித்தார். நேர்மையான மனிதர், கேள்வி கேட்டால் யோசிப்பார். விதிப்புத்தகத்தில் கழுதைக்கு முந்தைய பகுதி இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் யோசனையை நிறுத்திவிட்டு, எட்டு நாள் கெடு வைத்தார். பாதத்தின் மேல் ஒரு மேகம் போட வேண்டும். இல்லாவிட்டால் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்கள், பட்டறைக்குப் பூட்டு விழும். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. மழை வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்த கோஸ்மே, பூட்டு என்ற சொல்லுக்கு மட்டும் கண்ணைத் திறந்தார். அவர் பட்டறையின் ஆசான், அதாவது காகிதத்தில். தொமாசாவின் கணவன், ஒரு கோயில் கூரையில் சொர்க்கத்தை வரைந்துகொண்டிருந்தபோது சாரத்திலிருந்து வழுக்கி, சொர்க்கத்துக்கு நேரெதிர்த் திசையில் விழுந்து செத்தான். விதவை பட்டறை நடத்தலாம், ஆனால் தேர்வு எழுதித் தேறிய ஆண் ஒருவர் அங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஓவியர் சங்கத்தின் ஏற்பாடு. கோஸ்மே உட்கார்ந்தார். உட்காருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

“மேகம்தானே. போட்டுடறேன்,” என்றாள் தொமாசா.

அவள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில் கோஸ்மேவுக்குச் சந்தேகம் வந்தது. தோன் பெலிசியானோவுக்கு வரவில்லை.

அந்தக் கால்கள் பிரிகிதாவுடையவை.

பிரிகிதா தொமாசாவின் அக்கா. ஆற்றங்கரையில் துணி வெளுத்தவள். நான்கு வருடத்துக்கு முன்னால் கொள்ளைநோய் வந்து நகரத்தில் பாதிப் பேரை அள்ளிக்கொண்டு போனபோது அவளையும் ஒரு வண்டியில் ஏற்றினார்கள். நகர வாசலுக்கு வெளியே பெரிய குழி, உள்ளே சுண்ணாம்பு, மேலே மண். பெயர் கிடையாது, சிலுவை கிடையாது. எந்தக் குழி என்று கேட்டதற்கு அங்கே இருந்த காவலாளி, “அந்தப் பக்கம்” என்று கையை வீசிக் காட்டினான். அவன் காட்டிய பக்கத்தில் அடிவானம் வரைக்கும் இடம் இருந்தது.

அக்காவின் முகத்தை வரைய தொமாசா எத்தனையோ முறை முயன்றாள். ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் தெரியும் தன் முகமே வந்து உட்கார்ந்தது. பிரிகிதா உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் வரைய உட்கார்ந்ததில்லை. ‘ஒக்கார நேரமிருந்தா தூங்குவேன்டி’ என்பாள். ஒரு நாள் மதியம் அப்படித்தான் கரையில் துணி காயும்போது முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தூங்கினாள். வெளியே தெரிந்தது கால்கள் மட்டும். தொமாசா துணிக்கணக்குத் தாளின் பின்பக்கத்தில் அவற்றை வரைந்தாள். கட்டைவிரலைவிட நீண்ட இரண்டாவது விரல். தண்ணீரிலேயே நின்று நின்று வெளுத்துச் சுருங்கிய உள்ளங்கால் ஓரம். அக்கா இந்த உலகத்தில் விட்டுப் போனது அந்தத் தாள்தான்.

அதைத்தான் மாதாவுக்குக் கொடுத்திருந்தாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். பிரிகிதாவின் இடது கால்மேல், ஆற்றில் கிடந்த உடைந்த சாடி கீறிய தழும்பு ஒன்று பிறைபோல இருக்கும். அதை வரைந்தால் யாராவது அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தாள். அந்தப் படம் முழுவதிலும் யாரும் சொல்வதற்கு முன்னாலேயே அவள் கீழ்ப்படிந்த இடம் அது ஒன்றுதான். அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

படத்தைக் கேட்டவர்களும் சலவைப் பெண்கள்தாம். அவர்களுக்கு அந்தோணியார் பெயரில் ஒரு சபை உண்டு. காணாமற்போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோணியார். உலகத்திலேயே அதிகமாகப் பொருள் காணாமற்போகும் தொழில் சலவை. தலையணை உறை ஒன்று குறைந்தாலும் அவரிடம்தான் போவார்கள். அவர் கண்டுபிடித்துத் தராவிட்டால், கிடைக்கும் வரை கல் சுரூபத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். அப்படித் திருப்பித் திருப்பியே பழைய சுரூபத்தின் அடிப்பகுதி உடைந்து போனதால்தான் இப்போது படம்.

தொமாசா மேகம் போட உட்கார்ந்தாள். எண்ணெய் வண்ணத்தில் போட்டால் அது கீழே இருக்கும் காலோடு ஒட்டிக் காய்ந்து கல்லாகிவிடும். பிறகு யாராலும் எடுக்க முடியாது. ஆகவே முதலில் கால்களின் மேல் வார்னிஷ் பூசி நான்கு நாள் வெயிலில் காயவிட்டாள். பிறகு ஒரு பூண்டுப் பல்லை நறுக்கி வார்னிஷின் மேல் தேய்த்தாள். எண்ணெய்ப் பரப்பில் தண்ணீர் வண்ணம் நிற்காமல் உருண்டு ஓடும். பூண்டுச்சாறு தேய்த்தால் நிற்கும். அதன் மேல் சுண்ணப்பொடி, கொஞ்சம் கரி, ஆட்டுத்தோல் வஜ்ஜிரப் பசை எல்லாம் வெந்நீரில் கலந்து மேகத்தைப் போட்டாள். பார்வைக்கு அசல் மேகம். ஈரப் பஞ்சால் துடைத்தால் போய்விடும்.

“இது தண்ணி பட்டா போயிடுமே,” என்றார் கோஸ்மே. அவர் உண்மையிலேயே தேர்வு எழுதித் தேறியவர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தொமாசாவின் திட்டம் எளிமையானது. தோன் பெலிசியானோவுக்கு வயது அறுபத்தெட்டு. அவளுக்கு முப்பத்தாறு. காத்திருப்பாள்.

எட்டாம் நாள் வந்த தோன் பெலிசியானோ, மேகத்தை மூக்கு படும் தூரத்தில் நின்று சோதித்தார்.

“பூண்டு வாசம் வருதே.”

“செவில்ல எதுலங்கய்யா வரல?”

அது நியாயமாகப் பட்டது. தாளை விரித்து எழுதினார்: எண்ணெய் வண்ணத்தால் ஆன, நன்கு உலர்ந்த, நிலையான மேகம், நானே நேரில் சோதித்தேன். தேதி, கையெழுத்து, முத்திரை. கோஸ்மேயும் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தார். படம் ஆற்றங்கரைச் சிற்றாலயத்துக்குப் போய்ப் பீடத்துக்கு மேலே ஏறியது.

தொமாசா யோசிக்காமல் விட்டது சலவைப் பெண்களை.

அந்தோணியார் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் சபைப் பெண்கள் எல்லாரும் வாளியும் துணியுமாக வந்து சிற்றாலயத்தைக் கழுவுவார்கள். தரை, படி, கதவு, மெழுகுவர்த்தித் தண்டு, கடைசியில் அந்தோணியார். கல் சுரூபத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து மூன்று வாளித் தண்ணீர் ஊற்றுவது பாட்டன் காலத்து வழக்கம். இந்த வருடம் அந்தோணியார் துணியில் இருந்தார். துணியைப் பார்த்தால் என்ன செய்வது என்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சபைத் தலைவி கசில்தா நல்ல கைகாரி. படத்துக்குச் சோப்பு வேண்டாம், ஈரத்துணி போதும் என்று மட்டும் இரக்கம் காட்டினாள். அந்தோணியாரை மேலிருந்து கீழாக ஒரு முறை துடைத்தாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னும் பளபளத்தார். சம்மனசுகளைத் துடைத்தாள். ஏணியில் இன்னும் இரண்டு படி ஏறி மேகத்தைத் துடைத்தாள். மேகம் பால்போல வழிந்து அந்தோணியாரின் தலையில் சொட்டியது. அந்த இடத்தில் இரண்டு கால்கள் நின்றன.

ஏணியைப் பிடித்திருந்தவள் ஏணியை விட்டாள்.

ஒரு மணி நேரத்தில் மணி அடித்தது. கோயிலைக் கவனிக்கும் அம்புரோசியோ சாமி ஆள் அனுப்பினார். வேலையில் இருந்த தொமாசா வண்ணப் பலகையைக்கூடக் கீழே வைக்காமல், தூரிகையைக் கொண்டையில் செருகிக்கொண்டு ஓடினாள். கோஸ்மே நாற்காலியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

சிற்றாலயத்தில் கால் வைக்க இடமில்லை. பாதி திரியானா உள்ளே, மீதி வாசலில். அம்புரோசியோ சாமியின் முகம் திருநாள் அன்று காலையில் இருப்பதைவிடப் பிரகாசமாக இருந்தது. இந்த ஆலயத்துக்கு அறுபது வருடமாக ஓர் அற்புதம்கூட வாய்க்கவில்லை. அக்கரைக் கோயிலுக்கு மட்டும் மூன்று. அவர் தொமாசாவை ஓரமாக அழைத்துக் காதோடு பேசினார். எப்படி நடந்தது என்று தனக்குத் தெரிய வேண்டாம் என்றார். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மாதாவே தன் பாதத்தைக் காட்டியிருக்கிறாள் என்று ஆகிவிட்டால் அதை மூட எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வராது. கால் அப்படியே இருக்கும், பட்டறைக்கும் பூட்டு விழாது.

தொமாசா தலையாட்டினாள். அதைவிட நல்ல வழி அவளுக்கும் தெரியவில்லை. கால் இருந்தால் போதும்.

அப்போதுதான் கசில்தா ஏணியடியில் நின்று, யாருக்கென்றில்லாமல் பேசுவது காதில் விழுந்தது.

“அந்த ரெண்டாவது விரலப் பாருங்கடி. நம்ம பிரிகிதா கால் மாதிரியே இல்ல? எங்கூட பத்து வருஷம் தண்ணியில நின்ன கால்.”

“அது மாதாவின் திருப்பாதம், கசில்தா,” என்றார் சாமி.

கசில்தா ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையைத் தாழ்த்தினாள். “ஆமா சாமி. மாதா கால்தான். எனக்குத்தான் கண்ணு சரியில்ல.”

தொமாசா அந்தக் கால்களை அண்ணாந்து பார்த்தாள். முதல் தடவை அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், எந்தக் குழி என்று தெரியாமல் போயிற்று. இப்போது பூமாலையோடு, மணியடித்து, இரண்டாம் தடவை கொண்டு போகிறார்கள். இதற்கு அவளே தலையாட்டியிருக்கிறாள்.

வாசலில் கூட்டம் விலகியது. தோன் பெலிசியானோ கைத்தடியோடு உள்ளே வந்து, படத்தின் முன் நின்று, பழக்க தோஷத்தில் எண்ணினார். இருபத்திரண்டு.

அவருடைய நிலைமை இரக்கத்துக்குரியது. இது மோசடி என்றால், நானே நேரில் சோதித்தேன் என்று எழுதிய தாள் எல்லார் முன்னாலும் கிழிந்துவிடும். அற்புதம் என்றால், மாதாவுக்கும் தனக்கும் கருத்து வேறுபாடு என்றும், அதில் மாதாவின் கை ஓங்கிவிட்டது என்றும் மேலிடத்துக்கு எழுத வேண்டும். அவர் இரண்டு கையையும் தடிமேல் வைத்துத் தலையைக் குனிந்தார். அம்புரோசியோ சாமி அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு, “அற்புதம், தோன் பெலிசியானோ,” என்று உதவினார்.

“இல்ல சாமி,” என்றாள் தொமாசா.

எல்லாரும் திரும்பினார்கள்.

“அற்புதம் இல்ல. வஜ்ஜிரமும் சுண்ணப்பொடியும். அடியில பூண்டு தேச்சிருக்கேன். நான்தான் போட்டேன்.” அவள் வண்ணப் பலகையைக் கோஸ்மேயிடம் கொடுத்துவிட்டு, கசில்தாவின் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கி ஏணியில் ஏறினாள். அங்கியின் ஓரத்தில் ஒரு கீற்று மேகம் மிச்சமிருந்தது. துடைத்தாள். போய்விட்டது. “அற்புதம்னா ஒரு தடவதான் நடக்கும். இது எத்தன தடவ வேணும்னாலும் நடக்கும். இது பிரிகிதா கால். எங்க அக்கா. கசில்தா கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

அம்புரோசியோ சாமியின் பிரகாசம், யாரோ ஊதி அணைத்தது போலப் போயிற்று.

தோன் பெலிசியானோவின் குரலில் முதன்முறையாகக் கொஞ்சம் உயிர் வந்தது. “என்னையே ஏமாத்தினியா?”

“ஆமாங்கய்யா.”

“மாதாவுக்கு ஒரு வண்ணாத்தி கால வெச்சியா?”

“மாதா வீட்டுத் துணிய யாரு தொவச்சாங்கன்னு நெனைக்கிறீங்க?”

அது புத்தகத்தில் இருந்ததா என்று அவர் தேடவில்லை. பட்டறைக்கு அன்றே பூட்டு என்றார். படத்தில் இப்போதே, இங்கேயே, எண்ணெய் வண்ணத்தில், தன் கண்ணெதிரே மேகம் போட வேண்டும் என்றார். தொமாசா மாட்டேன் என்றாள். அப்படியானால் ஆசான் போடட்டும் என்று கோஸ்மே பக்கம் திரும்பினார்.

கோஸ்மே நாற்காலியை விட்டு எழுந்தார். அதுவே பலருக்குப் புதிய காட்சி.

“எனக்கு மேகம் வராதுங்கய்யா. நாப்பது வருஷமா போட்டுப் பாக்கறேன், ஆட்டுக்குட்டியா வந்து நிக்குது. மாதா கால்கிட்ட ஆடு மேஞ்சா அதுக்கும் ஒரு விதி இருக்குமே.”

“வேற ஓவியன் இல்லாமலா போயிட்டான்? நாளைக்கே கூட்டிட்டு வர்றேன்.”

“கூட்டிட்டு வாங்க,” என்றாள் கசில்தா. அவள் முந்தானைபோல முன்னால் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் முப்பது பெண்கள் வாளியோடு நின்றார்கள். “மேகம் போடுங்க. நாங்க வருஷாவருஷம் கழுவுவோம். எங்க சபை, எங்க அந்தோணியார்.”

“எண்ணெய் வண்ணம் தண்ணியில போகாது.”

“தண்ணியில போகலன்னா சாம்பல் காரம் இருக்கு. கப்பல்காரன் சட்டையில இருந்து தார எடுக்கிற காரம். ஒரு ராத்திரி ஊற வெச்சா போதும்.”

“முட்டாள்தனமா பேசாத. காரம் போட்டா அந்தோணியாரும் சேந்து போயிடுவார்.”

“காணாமப் போனத கண்டுபிடிக்கிறதுதான அவரு வேல,” என்றாள் கசில்தா. “தன்னத் தானே கண்டுபிடிச்சுக்கட்டும்.”

பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் தோன் பெலிசியானோவைக் கலங்கடித்தது. ஒருத்தி மட்டும் காரம் தன் வீட்டில் தயாராகவே இருக்கிறது என்றாள். இன்னொருத்தி, கால் ரொம்பத் தூரம் நடந்த கால், அதை மூடினால் மறுபடி நடந்து வெளியே வந்துவிடும் என்றாள்.

அவர் படத்தைப் பார்த்தார். இந்த முறை எண்ணவில்லை. கூரையில்லாத அறை, கொட்டும் வெளிச்சம், கீழே கையை விரித்து மண்டியிட்டிருக்கும் மனிதன். வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒரு பெண் நடந்து இறங்குகிறாள். நடந்து, ஏனென்றால் அவளுக்குக் கால் இருக்கிறது. ஒரு வருடம் கழித்து இந்தப் பீடத்தின் மேல் காரத்தில் ஊறிய வெறுந்துணி தொங்கும், அதன் காகிதத்தில் தன் முத்திரை இருக்கும் என்பதையும் அவர் பார்த்தார்.

பீடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் பழைய தாளை வெளியே எடுத்து, மையைத் தொட்டு எழுதத் தொடங்கினார். அதைக் கிழிக்கவில்லை. நானே நேரில் சோதித்தேன் என்பதன் கீழே ஒரு வரி சேர்த்தார். தோள்வழியே எட்டிப் பார்த்த கோஸ்மேயின் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரிந்தது: மேற்படி மேகம் உள்ளது, மேகங்களின் இயல்புப்படி, இரண்டாம் சோதனையின்போது விலகியிருந்தது.

“பட்டறைப் பூட்டு?” என்று கேட்டார் கோஸ்மே.

“மேகம் இருக்குன்னு எழுதிட்டேன். இருக்கிற மேகத்துக்கு எதுக்குப் பூட்டு?” என்று எரிந்து விழுந்தார் தோன் பெலிசியானோ.

தொமாசா இன்னும் ஏணியில்தான் இருந்தாள். கீழே கசில்தா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த எடது காலுல ஒரு தழும்பு இருக்குமே. அத விட்டுட்டியே.”

“பயந்துட்டேன்,” என்றாள் தொமாசா.

“இப்ப?”

தொமாசா கொண்டையிலிருந்து தூரிகையை உருவினாள். கோஸ்மே வண்ணப் பலகையைத் தூக்கிக் கொடுத்தார். காவி, கொஞ்சம் சிவப்பு, வெள்ளை. இடது கால்மேல், கணுவுக்குக் கீழே, பிறைபோல ஒரு கீற்று.

தோன் பெலிசியானோ தாளை மடித்தபடியே நிமிர்ந்தார். “அது என்ன இப்ப?”

“தழும்புங்கய்யா.”

“மாதாவுக்குத் தழும்பா?”

“இல்லைங்கய்யா. பிரிகிதாவுக்கு.”

அவர் வாயைத் திறந்தார். முப்பது வாளிகளையும் ஒரு முறை பார்த்தார், அநேகமாக எண்ணியிருப்பார். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு, ஈரத்தரையில் வழுக்காமல் ஒவ்வோர் அடியாக வைத்து வெளியே போனார்.

கசில்தா வாளியில் துணியை அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

“இது எண்ணெய் வண்ணம்தானே?”

“எண்ணெய்தான்.”

“தண்ணியில போகாதே?”

“போகாது. ஆனா ஒரு மாசம் காயணும். அதுவரைக்கும் தொடாதீங்க.”

“சரி,” என்றாள் கசில்தா. “அடுத்த வருஷம் கழுவறோம்.”